வியாழக்கிழமைக் கட்டில்

தூங்கிவிடக் கூடாது. தூங்கினால் இந்தக் கட்டில் போய்விடும்.

நோரா கண்ணை அகல விரித்துக் கூரையைப் பார்த்தாள். இருட்டில் கூரைகூடத் தெரியவில்லை. ஒயர்களை ஒட்டியிருந்த பசை மண்டையில் ஜில்லென்று இருந்தது. ஏசி சத்தம் போடாமல் ஓடிக்கொண்டிருந்தது. தூங்கக் கூடாத ஆளுக்கு இவ்வளவு சுகம் ஆகாது.

அடையாறில் ஒரு பல்கலைக்கழகத்தின் பின்பக்கத்து அறை அது. தூக்கம் வராதவர்களைப் பற்றிய ஆராய்ச்சி. புரண்டு புரண்டு படுக்கிறவர்கள்தான் வேண்டும். தலை சாய்த்ததும் தூங்கிவிடுகிறவர்களுக்கு இங்கே வேலையில்லை. இன்றைக்குத் தேறிவிட்டால் நான்கு வியாழக்கிழமைகள், மத்தியானம் முழுக்க, இந்தக் கட்டில் அவளுக்கு.

மருந்துக்கடையில் ஒட்டியிருந்த நோட்டீஸில் மற்றவர்கள் எதைப் படித்தார்களோ, நோரா படித்தது இவ்வளவுதான்: இருட்டறை, கட்டில், செல்போன் அனுமதி இல்லை.

கடைசி வரியை மட்டும் திரும்பவும் ஒரு தடவை படித்தாள்.

தூக்கம் வராத வியாதியெல்லாம் அவளுக்குக் கிடையாது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்குவாள். பூசையில் சாமியார் பிரசங்கத்தைத் தொடங்கினால் போதும், இவள் ஒரு தூக்கத்தை முடித்துவிடுவாள்.

வந்த தூக்கத்தைத் தூங்கத்தான் வீட்டில் வழியில்லை. மகன் ஜாக்சனுக்குப் பெருங்குடியில் ராத்திரி வேலை. கம்பெனி வண்டி அவனை நடுச்சாமம் தாண்டித்தான் இறக்கிவிடும். எழுந்து கதவைத் திறக்க வேண்டும், குழம்பைச் சுடவைக்க வேண்டும். அவன் படுத்த சூடு ஆறுவதற்குள் கணவர் வில்லியம் எழுந்துவிடுவார். ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் முதல் ஷிப்ட். அவர் டிபன் பாக்ஸோடு படி இறங்கினால், மகள் சான்ட்ரா குழந்தையோடு படி ஏறுவாள். குழந்தையை விட்டுவிட்டு ஆபீஸுக்கு ஓட வேண்டும். அந்தக் குழந்தை மத்தியானத்தில் தூங்குகிற ரகம் இல்லை.

யாரையும் குறை சொல்ல முடியாது. எல்லோரும் பிழைப்புக்குத்தான் ஓடுகிறார்கள். ஆனாலும் அலுப்பாக இருந்தது. எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்ட அலுப்பு.

கண் சொக்கியது. தொடையைக் கிள்ளிக்கொண்டாள். அடுப்பை அணைத்தோமா என்று கவலைப்பட்டுப் பார்த்தாள். அணைத்தது நன்றாக ஞாபகம் இருந்தது.

கடைசியில் மாதாவைத் துணைக்குக் கூப்பிட்டாள். ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தால் விழித்திருக்கலாம். போர்வைக்குள் விரலை மடக்கி ஆரம்பித்தாள். அருள் நிறைந்த மரியே.

அங்கேதான் தப்புப் பண்ணினாள். சின்ன வயதிலிருந்து அவளுக்குப் படுக்கையில்தான் ஜெபமாலை. இரண்டாம் பத்து முடிவதற்குள் தூங்கிப்போகாத நாளே இல்லை. பரவாயில்லை, மீதியைக் காவல் சம்மனசு, பக்கத்திலேயே இருக்கிற தேவதூதன், சொல்லி முடித்துவிடும் என்று அம்மா அப்போதே சமாதானம் சொல்லியிருந்தாள்.

அன்றைக்கும் சம்மனசுக்குத்தான் வேலை.

"ஆன்ட்டி. ஆன்ட்டி, முடிஞ்சிடுச்சு, எழுந்திருங்க."

ஆராய்ச்சி மாணவி மஹ்விஷ் விளக்கைப் போட்டிருந்தாள். எங்கே இருக்கிறோம் என்று நோராவுக்கு உடனே பிடிபடவில்லை. பிடிபட்டதும் அவசரமாக எழுந்து உட்கார்ந்தாள். கடைவாயைத் துடைத்துக்கொண்டாள்.

"படுத்தவுடனே தூங்கிட்டீங்க. உங்களுக்கு ஒரு கோளாறும் இல்லை, ஆன்ட்டி. இவ்ளோ நல்ல தூக்கத்தை நான் இந்த மெஷின்ல பார்த்ததே இல்லை." சொல்லும்போது அந்தப் பெண்ணின் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

நோராவுக்கு அழுகை முட்டியது. நல்ல செய்திக்கு அழுதால் என்ன நினைப்பார்கள்? குனிந்து செருப்பைத் தேடுகிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு நன்றாகத் தூங்குகிறவர்களும் தேவைப்படுகிறார்கள், அதே நான்கு வியாழக்கிழமைகள்தான், வர முடியுமா என்று மஹ்விஷ் கேட்டாள். வீட்டிலும் இப்படித்தானே தூங்குவீர்கள் என்றும் கேட்டாள்.

நோரா இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஆட்டாகத் தலையை ஆட்டினாள். மாதா மன்னிக்கட்டும்.

அலமாரியிலிருந்து செல்போனை எடுத்துக் கொடுக்கவும் அது அடிக்கவும் சரியாக இருந்தது. வில்லியம். பட்டறை இரைச்சலில் பழகிய தொண்டை. போனில் பேசினாலும் அறை முழுக்கக் கேட்கும்.

"நோரா, டாக்டர் இன்னா சொன்னாரு? பெருசா ஒண்ணும் இல்லியே? எதையும் மறைக்காத. சான்ட்ரா லீவு போட்டுக்கினு வீட்லதான் கீறா. ஜாக்சனே எழுந்து சோறு வடிச்சிட்டான். நீ மெதுவா வா."

களைப்பாக இருக்கிறது என்று நோரா வருஷக்கணக்காகச் சொல்லியிருக்கிறாள். அதற்கு யாரும் லீவு போட்டதில்லை. போன வாரம்தான், தலைக்குள் ஏதோ கோளாறாம், ஒயர் வைத்துப் பார்க்க வேண்டுமாம் என்று சொன்னாள்.

"என்னன்னு இன்னும் பிடிபடலையாம். அடுத்த வியாழக்கிழமையும் வரச் சொல்லியிருக்காங்க."

 பயப்படாதே என்றார் வில்லியம். அவர் குரல்தான் பயந்திருந்தது.  ஆனாலும் நோரா சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை.

ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்த மஹ்விஷின் கை நின்றிருந்தது. நோராவை ஏறிட்டுப் பார்த்தாள்.  தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டி, சுவரிலிருந்த கண்ணாடியைக் காட்டினாள்.

தலையணையின் மடிப்பு நோராவின் கன்னத்தில் காதிலிருந்து வாய் வரைக்கும் கோடாகப் பதிந்திருந்தது.

வீட்டுக்குப் போக வேண்டிய சாந்தோம் பஸ் காலியாகத்தான் வந்தது. நோரா ஏறவில்லை. அடுத்ததையும் விட்டாள். நிழற்குடையில் உட்கார்ந்து கன்னத்துக் கோட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.