கிராஃபைட் தரையைக் கூட்டிய கதை

இந்தக் கதையில் சிரிப்பு உண்டு. கடைசியில்தான் வரும், அதுவரை பொறுங்கள்.

கடுங்குளிரில், கிராஃபைட் தரையின் அறுகோணக் குழி ஒன்றில் குந்தன் என்ற ஹீலியம் அணு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. இடம் பறிபோனால், தரையில் குழி கிடைக்காமல் மேலே மிதக்கும் மேலடுக்கு அணுக்களோடு காலமெல்லாம் வழுக்கித் திரிய வேண்டுமே என்று அதற்கு ஒரே பயம்.

அந்த மேலடுக்கில் சறுக்கி என்றொரு குறும்புக்கார அணு. எவர் குரலும் அதற்கு வரும். தரைக்குச் சொந்தக்காரரான கிராஃபைட்டின் கட்டைக் குரலில் அது அதட்டியது:

“யாருப்பா அது? எழுந்திரு, தரையைக் கூட்டணும்!”

“இதோங்கய்யா!” குந்தன் பதறியடித்து மேலே ஏறி நின்றது.

நேரம் போனது. துடைப்பச் சத்தமே இல்லை.

“ஐயா, கூட்டியாச்சுங்களா?”

“அஞ்சு மூலை ஆச்சு. இன்னும் ஒண்ணு பாக்கி, பொறு!”

“சரிங்கய்யா” என்று பணிவாகத் தலையாட்டிய குந்தன் சட்டென்று குனிந்து பார்த்தது. அந்தக் கட்டைக் குரல், சம்மணம் போட்டபடி, அதன் குழிக்குள்ளிருந்து வந்தது.