பல்லில் கடித்த நூல்

ஜன்னலோர நாற்காலியில் அண்ணி அண்ணாந்து சாய்ந்து, இமையைத் தன் விரல்களாலேயே இழுத்துப் பிடித்திருக்கிறாள். தையல் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலையை விட்டுவிட்டு அழகுக்கலை படிக்கும் நாத்தனார் இவளுக்கு, தன் கால் முடியிலேயே நூல் ஓட்டிப் பழகியது போக, புருவம் திருத்தக் கிடைத்திருக்கும் முதல் முகம் இதுதான். இனாமாக வந்த முகம். வாயும் கூடவே வந்திருக்கிறது. “நாப்பது வயசுல இது தேவையா? நல்லா இருந்த வேலைய விட்டுட்டு, அடுத்தவ முடிய புடுங்கப் போறியாக்கும்.” நூலின் ஒரு முனை பல்லில் இருப்பதால் இவளால் பதில் சொல்ல முடியவில்லை. தலை மட்டும் முன்னும் பின்னும் போய்வர, முறுக்கிய நூல் கிர்ரென்று புருவத்தின் மேல் ஓடுகிறது. மதிய வெயிலில், வெள்ளைப் பவுடர் மேல் கறுப்பு முடிகள் உதிர்கின்றன. “உங்கண்ணன் தலையில அடிச்சுக்கிறாரு. எத்தனை நாளைக்குன்னு பாக்கத்தானே போறோம்.” இடது புருவம் முடிகிறது. இவள் நூலைப் பல்லிலிருந்து எடுத்துவிட்டுக் கைக்கண்ணாடியை நீட்டுகிறாள். அதில் ஒரு புருவம் தீட்டி வைத்தாற்போல் இருக்கிறது, மற்றது புதராக நிற்கிறது. “ஒண்ணு முடிஞ்சுது அண்ணி. இன்னொண்ணு வேணும்னா வாய மூடிக்கிட்டு சாஞ்சுக்குங்க. இல்லன்னா இப்படியே வீட்டுக்குப் போங்க.” அண்ணி கண்ணாடியைப் பார்க்கிறாள், ஜன்னலுக்கு வெளியே தெருவைப் பார்க்கிறாள். பிறகு மெல்லச் சாய்ந்து, வலது இமையை இழுத்துப் பிடிக்கிறாள். இவள் மறுபடி நூலைக் கடிக்கிறாள்.