ஏழும் ஐந்தும் பன்னிரண்டு

இளையபெருமாள் எழுதியனுப்பிய விடை சரியாக இருந்தது. அதுதான் பிரகதாம்பாளுக்கு இடித்தது.

ஏழையும் ஐந்தையும் கூட்டினால் பன்னிரண்டு, சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் பழைய பிளாப்பி டிஸ்க்குகளை எடுத்துத் திரும்பப் பார்க்கும்போதுதான் கவனித்தாள்: புரோகிராமில் கூட்டச் சொல்ல வேண்டிய இடத்தில் பெருக்கச் சொல்லி வைத்திருந்தாள். அப்படியானால் முப்பத்தைந்து அல்லவா வந்திருக்க வேண்டும்? கம்ப்யூட்டர் சொன்னதைத்தான் செய்யும். நாம் மனதில் நினைத்ததை அது எங்கே கண்டது?

தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவள் அவள். வேதாரண்யத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து, விவசாயத் தொழிலாளர் சங்கத்து இளையபெருமாள் புரட்டாசியில் அவளைத் தேடி வந்தார். யாரோ வெளிநாட்டுக்காரர்கள் தானமாகக் கொடுத்துவிட்டுப் போன பழைய கம்ப்யூட்டர் ஒன்று சங்கத்தில் இருந்தது. மிராசுதாரின் உபரி நிலத்தை இருபது வருஷமாக உழுகிற நூற்றுப் பதினாலு குடும்பங்களின் பட்டியல் அதற்குள் கிடந்தது. யாருக்கு எந்த வயல், எத்தனை மா, எல்லாம் இருந்தும் என்ன, அதைத் திறக்கும் புரோகிராம் கெட்டுப்போயிருந்தது.

ஆட்சி மாறிய கையோடு, நிலத்தைப் பிரித்துக் கொடுக்க விசாரணை வைத்திருந்தார்கள். பட்டியலைக் காட்டாவிட்டால் நிலம் மிராசுதாருக்கே போய்விடும்.

கல்லூரிக் கம்ப்யூட்டருக்கும் அந்தப் பழையதின் சிப்புக்கும் ஏழாம் பொருத்தம். இங்கே ஓடுகிற எதுவும் அங்கே ஓடாது. அதனால், பட்டியலைத் திறக்க எழுதுகிற புரோகிராமை அந்தச் சிப்புக்குப் புரியும்படி மாற்றித் தருகிற கம்பைலர் ஒன்றை அவளே கட்ட ஆரம்பித்தாள். கட்டலாமே தவிர, இங்கே ஓட்டிப் பார்க்க வழியில்லை.

மார்கழியில் முதல் சோதனை போனது. பிளாப்பியோடு, அது என்ன செய்ய வேண்டும் என்று, ஏழையும் ஐந்தையும் கூட்ட வேண்டும் என்பது போல, ஒரு தாளில் எழுதிவைத்து, பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவாள். திரும்பி வரும்போது தாளின் அடியில் விடையும் இளையபெருமாளின் கையெழுத்தும் இருக்கும்.

பதினோரு பிளாப்பி போய் வந்தன. ஒன்றுகூடப் பிசகவில்லை. உடன் வேலை பார்க்கும் துரைராசு, "மொதத் தடவையே ஓடுற கம்பைலரை நான் பார்த்ததே இல்ல மேடம். உள்ள பேய் கீய் இருக்கான்னு பாருங்க" என்று கேலி செய்தபோது அவளும் சேர்ந்து சிரித்தாள். கடைசியில், திரையில் பார்த்து எழுதியதாகப் பட்டியலும் வந்து சேர்ந்தது. கம்ப்யூட்டரிலிருந்து எடுத்ததுதான் என்று அவள் சான்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. நாளை மறுநாள் விசாரணை.

இப்போது சிரிப்பு வரவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அந்தக் கிராமத்துக்குப் போய் இறங்கினாள்.

இளையபெருமாளின் மனைவி காத்தாயி வாசலில் உட்கார்ந்து யாருக்கோ மனு எழுதிக்கொண்டிருந்தாள். பிரகதாம்பாள் தன்னை யாரென்று சொல்லி, அவர் இருக்கிறாரா என்று கேட்டாள். காத்தாயி பேனாவை மூடி வைத்தாள்.

"கார்த்திகைப் புயல்ல போயிட்டாருங்கம்மா. மெஷினு நனைஞ்சிடும்னு தூக்கி மேல வைக்கப் போனாரு. செவுரு விழுந்துடுச்சு."

கார்த்திகையில் செத்துப்போனவர் மார்கழியிலிருந்து போட்ட பதினோரு கையெழுத்தும் அவள் பையில் இருந்தன. இருந்தாலும் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, மெஷினையாவது பார்க்க வேண்டும் என்றாள். யாராவது அதை ஓட்டியிருப்பார்கள், அப்படித்தானே இருக்க முடியும்?

காத்தாயி கூட்டிக்கொண்டு போனாள். சங்கக் கட்டடம் இருந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்கு மொட்டைச் சுவர்தான் நின்றது. அதன் மூலையில் நசுங்கிய தகரப் பெட்டி ஒன்று. அதற்குள் சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது.

பிரகதாம்பாளுக்கு அழுகையே வந்துவிட்டது. அது பயத்தினாலா, நாளைய விசாரணையை நினைத்தா என்று அவளுக்கே தெரியவில்லை. பையிலிருந்த பட்டியலை எடுத்து நீட்டினாள்.

"அப்ப இதை அனுப்பினது யாருங்க?"

காத்தாயி அந்தத் தாளை வாங்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

"நூத்திப் பதினாலு பேரு வயல்லயும் நாத்து நட்டவ நான்தாம்மா, ஆனா நான் சொன்னா எழுதிக்க மாட்டாங்க, மெஷின் சொன்னா எழுதிக்குவாங்க."