விழச் சொன்னவன்

"அவங்க காலுக்குப் பந்து போய் மூணு பாஸ் விழுந்துச்சுன்னா, நாலாவதுக்கு முன்னாடி நீ தரையில கிடக்கணும், மாயாண்டி," என்றான் விஜயபாஸ்கர்.

துபாய் சோனாப்பூர் தொழிலாளர் கேம்பின் அந்த அறையில் டீம் மொத்தமும் கட்டில்களில் நெருக்கி உட்கார்ந்திருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. மாலையில் கேம்ப்களுக்கு இடையிலான ஃபுட்பால் ஃபைனல், பக்கத்துக்கு ஏழு பேர். எதிர் டீமை அதுவரை யாராலும் நிறுத்த முடியவில்லை. பந்து வெளியே போனால் மறு நொடியே உள்ளே எறிந்துவிடுவார்கள். கோல் போட்டால்கூடக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்காமல் நடுக்கோட்டுக்கு ஓடிவிடுவார்கள். எதிரே நிற்பவனை மூச்சு விட விடாததுதான் அவர்களுடைய ஆட்டம்.

விஜயபாஸ்கர் கட்டட சைட்டில் ஃபோர்மேன். சிவகங்கையில் படித்த காலத்தில் காலேஜ் டீமில் கோலைக் காக்கும் பேக் ஆடியவன். இப்படி வேகமாக ஆடும் டீம்களை அப்போதே பார்த்திருக்கிறான். பந்துக்குப் பின்னால் ஓடக் கூடாது என்றான். இரண்டு பேர் கோலுக்கு முன்னாலிருந்து நகரவே கூடாது, மற்றவர்கள் எதிராளிகளை ஓரக்கோட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டே போக வேண்டும், பந்து கிடைத்தால் அழகு பார்க்காமல் தூரமாக அடித்துவிட வேண்டும். அதையும் மீறி அவர்கள் வேகம் பிடித்தால் ஆட்டத்தையே நிறுத்த வேண்டும். அதற்குத்தான் மாயாண்டி.

கோல்கீப்பர் ஐயப்பனுக்கு அது பிடிக்கவில்லை. நடித்து ஜெயிக்க வேண்டுமா என்று கேட்டான். அதுவுமில்லாமல், புதன்கிழமையிலிருந்து ஸ்டோரில் உட்கார்த்தி வைத்திருக்கிற மாயாண்டியை எதற்கு இறக்க வேண்டும், நன்றாக ஓடுகிற சோலைமுத்து இருக்கிறானே என்றான்.

"ஓடறதுக்கு ஆள் இருக்கு. விழறதுக்கு இவன்தான் சரி," என்றான் விஜயபாஸ்கர்.

மாயாண்டி தலையாட்டினான். கொத்தனார் வேலைக்கு அவனுக்கு விசா ஏற்பாடு செய்து துபாய்க்குக் கூட்டி வந்தது விஜயபாஸ்கர்தான். அண்ணன் ஒன்று சொன்னால் அவன் மறுபேச்சுப் பேசியதில்லை.

கேம்புக்குப் பின்னாலிருந்த மணல் மைதானத்தில் இருநூறு பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். கம்பெனியின் சேஃப்டி ஆபீஸர் சீதாராமன் முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். விஜயபாஸ்கர்தான் அவரை வற்புறுத்தி அழைத்திருந்தான்.

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் எதிர் டீம் வேகம் பிடித்தது. ஒரு பாஸ், இரண்டு, மூன்று. மாயாண்டி வலது முட்டியைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். ரெஃப்ரி விசிலடித்தார். தண்ணீர் கொண்டு போனார்கள், கால் நீவிவிட்டார்கள். அதற்குள் எதிர் டீம் ஆட்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று நின்று சூடு ஆறிப் போனார்கள். இரண்டாம் பாதியிலும் அப்படியே. கூட்டத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள்.

மூன்றாவது முறை விழுந்த மாயாண்டியால் எழுந்திருக்க முடியவில்லை. முகம் வெளிறி, உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தான். என்னமாய் நடிக்கிறான் என்று சொல்லிக்கொண்டே அவனைத் தூக்கி வெளியே உட்கார வைத்தார்கள். சோலைமுத்து இறங்கினான். கடைசி நிமிடத்தில் அவன் போட்ட ஒரே கோலில் ஜெயித்தார்கள்.

மறுநாள் கிளினிக்கில், முட்டிக்குள் ஜவ்வு கிழிந்திருக்கிறது, ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார் டாக்டர். சீதாராமன் ஒரு ஃபார்மை வைத்துக்கொண்டு விசாரித்தார்.

"எப்ப அடிபட்டது?"

"நீங்களே பார்த்தீங்களே சார், ஆட்டத்துல," என்றான் விஜயபாஸ்கர். மாயாண்டி கட்டிலில் படுத்தபடியே ஆமாம் என்று தலையாட்டினான்.

வேலையில் அடிபட்டால் கம்பெனி வைத்தியம் பார்க்கும். விளையாட்டில் அடிபட்டால் பார்க்காது. சாரத்தில் ஏற முடியாத கொத்தனாருக்கு சைட்டில் வேலையும் இல்லை. பத்து நாளில் விசா கேன்சல் ஆகி, ஊருக்கு டிக்கெட் வந்துவிட்டது.

அந்தப் பத்து நாளும் விஜயபாஸ்கருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அறைக்கு யார் வந்தாலும் எழுந்து வெளியே போய்விடுவான். ஜெயித்த கோப்பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான். ஐயப்பன்கூட மனசு இளகி, "விளையாட்டுன்னா அடிபடத்தான் செய்யும். நீங்க என்ன பண்ணுவீங்கண்ணே," என்றான். விஜயபாஸ்கர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏர்போர்ட்டுக்குப் போகும் வேனில் மாயாண்டியை ஏற்றிவிட அவன் மட்டும் போனான். பையை வைத்தான், ஊன்றுகோலைச் சாய்த்து வைத்தான். கதவைச் சாத்தப் போன அவன் கையை மாயாண்டி பிடித்துக்கொண்டான்.

"மனசைப் போட்டு குழப்பிக்காதீங்கண்ணே," என்றான் தணிந்த குரலில். "ஃபைனலுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை சாரத்துலேருந்து விழுந்ததை நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். கைப்பிடிக் கம்பி கட்டாம என்னை நீங்க மேல ஏத்துனது தெரிஞ்சா, உங்க வேலை போயிரும்."