சுபேதாரின் இரும்புக் கால்

வலி தீர சிஸ்னுச் செடியால் அடி வாங்க உட்காருகிறவருக்குப் பதக்கம் குத்திய கோட்டு எதற்கென்று மனைவி தேவிசராவுக்கு விளங்கவில்லை. ஆனாலும் பொத்தான் போட்டுவிட்டாள்.

பென்ஷன் சுபேதார் கர்ணசிங் புன் இடது காலை முக்காலிமேல் நீட்டினார்.

"பழைய போர்க்களத்து வலி" என்று ஊரெல்லாம் சொல்லி, பார்க்க வரும்படி அவரே அழைத்திருந்தார். முற்றத்தில் நிற்க இடமில்லை.

வைத்தியர் ஜோக்லால் மூங்கில் இடுக்கியால் சிஸ்னுக் கொத்தைத் தூக்கித் தண்ணீரில் முக்கினார். இலை உரசினாலே கொள்ளி வைத்ததுபோல் எரியும். எருமைகூட ஒதுங்கி நடக்கிற செடி.

முழங்காலில் விழுந்தது ஓர் அடி.

சுபேதார் மீசையை நீவினார்.

ஆடுசதையில் இன்னொன்று. தேநீர் கேட்டார்.

"சாப், இது காலா இரும்பா?" என்று கூட்டம் மெச்சியது. அவர் மலையில் குண்டு வாங்கிய கதையை ஆரம்பித்தார்.

தேவிசரா கண்ணை மூடிக்கொண்டாள். தாயே, இந்த மனுஷனை ஒரு தடவை கத்த வை. கோழி அறுக்கிறேன்.

கணுக்கால். கதை நிற்கவில்லை.

குதிகால். சேவல் தருகிறேன் தாயே, பெரிய சேவல்.

கட்டைவிரல்.

"அய்யோ! அம்மா! செத்தேன்!"

தேநீர் கோட்டில் கொட்டியது. முற்றமே விழுந்து விழுந்து சிரித்தது.

"குண்டு பாஞ்சப்ப பீடி கேட்டாராம்! இலைக்கு அம்மாவக் கூப்பிடுறாரே!" என்றான் பக்கத்து வீட்டு மன்பகதூர். சிரித்துக்கொண்டே கூட்டம் கலைந்தது.

தேவிசரா மட்டும் அழுதாள்.

மழைக்காலத்தில் மாட்டுக்கொட்டிலில் சாணி வழுக்கி விழுந்தாரே, அன்று மரத்துப்போன கால் இது. போன மாதம் அடுப்புக் கங்கு அதன்மேல் விழுந்தபோது அவர் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். தோல் கருகிய நாற்றம் வந்துதான் அவளே ஓடிவந்தாள். வெளியே மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார்.

வைத்தியர் வீசப்போன கொத்தை வெறும் கையால் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். கை தீயாய் எரிந்தது. எரியட்டும்.

சுபேதார் வாசல் பக்கம் பார்த்தார். வைத்தியரும் போயிருந்தார்; யாருமில்லை. கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, காலை மறுபடி நீட்டினார்.

"ஏ தேவி, அதே விரல்ல இன்னொண்ணு போடு."