காம்பில் நான்கு எழுத்து

ஐந்தாவது வாளை அவன் கீழே வைக்கவில்லை.

பின்னால் நான்கு பேர் வரிசையில் நின்றார்கள். ஜப்பானியர்கள். அவசரப்படுத்த மாட்டார்கள், தொண்டையைக்கூடச் செரும மாட்டார்கள். அந்தப் பொறுமையே ஒரு நெருக்கடிதான்.

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

நகோயாவில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய வாள் சேகரிப்பவர்கள் இந்த மாடி அறையில் கூடுவார்கள். மேசைமேல் ஐந்து வாள்கள் இருக்கும். கைப்பிடிக்குள் செருகும் காம்பில்தான் கொல்லன் தன் பெயரை வெட்டியிருப்பான். அந்தக் காம்பைத் துணி சுற்றி மறைத்துவிடுவார்கள். இரும்பை மட்டும் பார்த்து, யார் வேலை என்று சீட்டில் எழுத வேண்டும்.

வாயைத் திறக்கக் கூடாது. எச்சில் பட்ட இடம் துருப்பிடிக்கும்.

இந்த விளையாட்டில் அவன் ஒவ்வொரு மாதமும் கோட்டை விடுகிறவன். இன்று புத்தி அதில் இல்லவே இல்லை. தேநீர் வேளைக்குள் மொரீத்தாவுக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

மொரீத்தா வாள் தீட்டுகிறவர். அவனுடைய ஒரே வாள் ஐந்து மாதமாக அவர் பட்டறையில் இருக்கிறது.

அந்த வாளின் காம்பில் நான்கு எழுத்து. ஒரு மகா கொல்லனின் பெயர். ஒன்பது வருடமாக, வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் கைப்பிடியைக் கழற்றி அதைக் காட்டியிருக்கிறான். சாம்பார் ஆறும், வந்தவர் நெளிவார், அவன் விடமாட்டான்.

தோக்கியோவில் இருக்கும் மதிப்பீட்டுக் குழு இரண்டு முறை அதைத் திருப்பி அனுப்பிவிட்டது.

பெயர் பொய்.

யாரோ எப்போதோ ஆசைப்பட்டு வெட்டிய பெயர். பொய்ப் பெயர் இருக்கிறவரை குழு வாளுக்குச் சான்று தராது. பெயரை அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டு, பெயரில்லாத வாளாக மறுபடி அனுப்பலாம் என்றார் மொரீத்தா. தேய்த்தால் தேய்த்ததுதான். அதன் பிறகும் குழு வேண்டாம் என்றால், கையில் மிஞ்சுவது ஒரு மொட்டை இரும்பு.

யோசித்துச் சொல்கிறேன் என்று ஐந்து மாதம் இழுத்தடித்துவிட்டான்.

பயம்தான். அந்த நான்கு எழுத்தைக் கழித்தால் மிச்சம் என்ன இருக்கும் என்ற பயம்.

இந்த ஐந்தாவது வாளோ அவனை விடமாட்டேன் என்றது.

விளக்கடியில் மெல்லச் சாய்த்தான். காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் முக்கும்போது விளிம்போரம் விழுகிற வெள்ளைக் கோடு. அதன்மேல், குளிர்காலத்துக் கண்ணாடியில் மூச்சுப் பட்டதுபோல் ஒரு மங்கல். முனைக்கு நாலு விரல்கடை முன்னால் கோடு லேசாகத் தடுமாறி, பிறகு சமாளித்துக்கொண்டு மேலே போயிருந்தது.

பெரிய கை இல்லை. ஆனால் ஏமாற்றாத கை.

எவனோ ஒருவன் அடுப்பு வெக்கையில் முகம் கன்ற நின்று, இதைச் சரியாகச் செய்துவிட வேண்டும் என்று மட்டும் நினைத்திருக்கிறான். அவனை இவனுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

யார் வீட்டு வாளோ. கொடுத்துவைத்தவன்.

பொறாமையாகக்கூட இருந்தது.

கீழே வைத்தான். சீட்டில் எழுதினான். பழைய மீனோ நாட்டுப் பட்டறை வேலை. நானூறு வருடம் இருக்கும். கொல்லன் பெயர் தெரியவில்லை.

கொஞ்சம் யோசித்து, நல்ல வாள் என்றும் சேர்த்தான். சீட்டில் அதற்கு இடமே கிடையாது. ஓரத்தில் எழுதினான்.

சீட்டுகளை வாங்கிக்கொண்டு துணிகளை அவிழ்த்தார்கள். முதல் நான்கில் அவனுக்கு ஒன்றும் தேறவில்லை. எதிர்பார்த்ததுதான்.

ஐந்தாவதை மொரீத்தாவே அவிழ்த்தார். அவிழ்ப்பதற்கு முன்னால் அவனைப் பார்த்து ஆழமாகக் குனிந்தார். எதற்கு இந்த மன்னிப்பு என்று அவனுக்கு விளங்கவில்லை.

துணி நழுவியது.

கறுத்த துரு. கோணலான ஆணித்துளை. நான்கு எழுத்து.

பின்வரிசையில் தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்த அவன் மனைவி கோமதி எழுந்தே விட்டாள். இந்தக் கூட்டங்களுக்கு அவள் வருவது பயற்று இனிப்புக்காக. அவளுக்கே தெரிந்துவிட்டது.

“ஏங்க, இது நம்ம வாளுல்லா?”

அம்பாசமுத்திரத்துக் குரல். அறை முழுக்கக் கேட்டது.

அவனுக்கு முகம் சுட்டது. ஒன்பது வருடம் வீட்டில் வைத்திருந்தவன், தன் வாளைத் தானே தெரிந்துகொள்ளவில்லை. தீட்டியதால் ஆள் மாறியிருந்தது என்று சொல்லித் தப்பிக்கலாம். உண்மை வேறு. அவன் அதைக் காம்புக்கு மேலே பார்த்ததே இல்லை.

யாரும் சிரிக்கவில்லை. சேகரிப்பவர்களில் ஒருவரான இஷிகுரோ மேசையருகே வந்தார். போன வருடம் இதே நான்கு எழுத்தைக் கண்டு இரண்டே நொடியில் வாளைக் கீழே வைத்தவர். இப்போது மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வெள்ளைக் கோட்டை முனைவரை பார்த்தார். திரும்பவும் அடியிலிருந்து ஆரம்பித்தார்.

மொரீத்தா அவன் பதிலுக்காக நின்றார்.

அவன் வாளைக் காம்பில் பிடித்துத் தூக்கினான். எழுத்துகள் உள்ளங்கைக்குள் போயின. மேலே, விளிம்போரம், கோடு தெரிந்தது.

அவரிடம் நீட்டினான்.

“பேரை எடுத்துடுங்க.”

அவசரத்தில் தமிழிலேயே வந்துவிட்டது. மொரீத்தாவுக்குத் தமிழ் தெரியாது.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.