கழுவாத முட்டை

"முட்டையைக் கழுவினது யாரு?"

ஆய்வுக்கூடத் தலைவரான பெரியவர் போட்ட சத்தத்தில் எல்லாரும் ஓடி வந்தார்கள்.

சமையல் முட்டையல்ல, கொசு முட்டை. காய்ச்சல் கிருமி ஏறிய தாய்க்கொசுக்கள் இட்டவை. அவற்றிலிருந்து வந்த புழுக்களிடமும் கிருமி இருந்தது. தாயிடமிருந்தே புழுவுக்கு நோய் போகிறது என்று எல்லாரும் துள்ளிக் குதித்தார்கள்.

இப்போது பார்த்தால், முட்டை ஓட்டுக்கு வெளியிலும் கிருமி! மருந்தில் கழுவி அதைக் கொல்லாவிட்டால், புழுவுக்கு நோய் வந்தது தாயின் வயிற்றிலிருந்தா, ஓட்டின் அழுக்கிலிருந்தா என்று எப்படிச் சொல்வது? அத்தனை பேர் உழைப்பும் பாழ்.

புதுசு மெல்லப் பின்வரிசைக்கு நகர்ந்தாள். சேர்ந்த நாளிலிருந்து எல்லாருக்கும் அவள் 'புதுசு'தான். வேலை நிரந்தரமாவது பெரியவர் கையில் இருந்தது. முட்டை கழுவுவதோ அவளும் கொசுராணியும் மாறி மாறிச் செய்த வேலை.

கொசுராணி என்பது அங்கிருந்த மூத்த பெண் ஆய்வாளருக்கு அவள் வைத்த பட்டப்பெயர். கையுறையில் ஒரு சுருக்கம் இருந்தாலும் ஆளை உரித்துவிடுவார்.

'இப்ப என்னை மாட்டிவிடப் போறாங்க.'

"என் தப்புதான் சார்," என்றார் கொசுராணி.

"நீங்களா? இத்தனை வருஷ அனுபவம் எங்க போச்சு? கட்டுரையில உங்க பேர் வராது, சொல்லிட்டேன்."

"சரி சார்."

புதுசுக்குப் போன உயிர் வந்தது. கூடவே வாயும் வந்தது.

"நமக்கு மட்டும் நாளெல்லாம் உபதேசம்! கண்ணு மங்கிட்டா வீட்ல உட்கார வேண்டியதுதானே?" என்றாள் சாப்பாட்டு மேசையில், தோழியிடம்.

மதியம் புது முட்டைகளைக் கழுவத் தன் அலமாரியைத் திறந்தாள். ஒரே மாதிரி இரண்டு பாட்டில்கள். அவள் இதுவரை எடுத்து ஊற்றியது பாதி காலி. மற்றதன் சீல்கூடப் பிரியவில்லை. அதன்மேல் புதிதாக ஒரு சீட்டு, கொசுராணியின் கோழிக்கிறுக்கலில்:

'மருந்து இதுதான். அது வெறும் தண்ணீர்.'

புதுசு ஓடினாள்.

"அக்கா... தண்ணியில கழுவினது நான்தான். இப்பவே சார்கிட்ட சொல்லிடறேன்."

"சொன்னா உன் வேலைதான் போகும். கொசுராணி சொல்றேன்ல? போய் முட்டையை ஒழுங்காக் கழுவு."

அந்தப் பெயர் அவருக்கும் தெரிந்திருக்கிறது!

"ஆனா உங்க பேரு போயிடுச்சேக்கா..." அவளுக்கு அழுகை முட்டியது.

கொசுராணி மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"தாய்கிட்டேருந்து புழுவுக்குப் போகுதான்னு இனிமேதான் பார்க்கணும். புழுகிட்டேருந்து தாய்க்குப் பழி வரும்னு இன்னிக்கே தெரிஞ்சுபோச்சு, போ!"